பூமி பெரிய காந்தம் என்பதால்தான் கல் கீழே விழுகிறதா? ஏழாம் வகுப்பில் எழுந்த ஐயம்

கேள்வி
எழுதியவர்: மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் கற்பித்து வருகிறேன். நான் படித்தது தாவரவியல் என்பதால், இயற்பியலில் பிள்ளைகள் புத்தகத்தைத் தாண்டி ஒன்றைக் கேட்டுவிட்டால், "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தவணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தேடுவது என் வழக்கம். இந்த முறை தேடியும் மனம் நிறையவில்லை; ஆகவே இங்கே எழுதுகிறேன்.

தொடா விசைகள் என்ற தலைப்பில் புவியீர்ப்பு விசை, காந்த விசை, நிலைமின் விசை ஆகிய மூன்றையும் ஒரே பாடவேளையில் அறிமுகப்படுத்தினேன். உடனே ஒரு மாணவன் எழுந்து, "பூமி ஒரு பெரிய காந்தம் என்று போன வருடம் படித்தோமே டீச்சர், அதனால்தானே மேலே எறிந்த கல் கீழே வருகிறது?" என்று கேட்டான். காந்தம் கல்லை இழுக்காதே என்று சொன்னேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியென்றால் சீப்பு காகிதத்தை இழுப்பதைப் போலப் பூமி இழுக்கிறதா? சீப்பு எதை வேண்டுமானாலும் இழுக்குமே" என்றான். மூன்றும் வேறு வேறு விசைகள் என்று கூறி அவனை அமரவைத்துவிட்டேன். ஆனால் பெயர்கள் மூன்றாக இருப்பதைத் தவிர, விசைகளும் மூன்றுதான் என்பதற்கு என்னிடம் என்ன சான்று இருக்கிறது என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தபோது, எதுவும் இல்லை என்பதே உண்மையாக இருந்தது.

இதனுடன் வேறு இரண்டு சிக்கல்களும் உள்ளன. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுக்கும் சோதனையை மூன்று நாள் தொடர்ந்து செய்தும் ஒரு துணுக்குகூட அசையவில்லை. வெளியே பனிமூட்டம், உள்ளே பிள்ளைகளின் சிரிப்பு. மேலும், மிளகு பயிரிடும் ஒருவரின் மகள், மலை உச்சியில் ஈர்ப்பு குறைவு என்றால் இங்கே நிறுத்து விற்கும் மிளகுக்கு அப்பாவுக்குப் பணம் குறையுமா என்று கேட்டாள். அவளுக்கும் தவணைதான் சொல்லியிருக்கிறேன்.

ஆய்வகம் என்ற பெயரில் எங்களிடம் இருப்பது ஒரு மர அலமாரியும் இரண்டு சட்டக் காந்தங்களும் மட்டுமே. நீண்ட விளக்கத்தைக் காட்டிலும், இங்கே கிடைக்கும் பொருள்களைக் கொண்டு பிள்ளைகளே செய்து பார்க்கத்தக்க சோதனைகளைச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.


மறுமொழி 1
எழுதியவர்: அஸ்தம்பட்டி வாத்தியார் (ஓய்வு), சேலம்

அம்மா, முதலில் அந்த மாணவனைத் தட்டிக்கொடுங்கள். அவன் செய்த பிழை சாதாரணமானவர்கள் செய்த பிழை அன்று. பூமியே ஒரு காந்தம் என்று 1600ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் எழுதினார். அதைப் படித்த கெப்ளர், சூரியனும் காந்தத்தைப் போன்ற ஒரு விசையால்தான் கோள்களை இயக்குகிறது என்று 1609இல் கருதினார். கல் விழுவதையும் நிலா சுற்றுவதையும் ஒரே ஈர்ப்பு விதிக்குள் கொண்டுவந்த நியூட்டனின் நூல் வெளிவந்தது 1687இல்தான். இடையில் கழிந்த ஏறத்தாழ எண்பது ஆண்டுகளை உங்கள் மாணவன் ஒரு பாடவேளைக்குள் கடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பூமியின் காந்தம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை ஒரு தையல் ஊசியே காட்டிவிடும். ஊசியைச் சட்டக் காந்தத்தின் ஒரு முனையால், ஒரே திசையில், முப்பது நாற்பது முறை உருவுங்கள். பிறகு அதை ஒரு சிறிய தெர்மாக்கோல் துண்டில் செருகி, பிளாஸ்டிக் தொட்டியில் உள்ள நீரில் மிதக்கவிடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம். ஊசி மெதுவாகத் திரும்பி வடக்கு தெற்காக நிற்கும். பிள்ளைகளைக் கவனிக்கச் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடப்பதை, அதாவது நடக்காததை: வடக்கு நோக்கித் திரும்பிய ஊசி, வடக்குக் கரையை நோக்கி நகராது. பூமியின் காந்தப்புலம் ஊசியின் ஒரு முனையை வடக்கே இழுக்கும் அதே அளவுக்கு மறுமுனையைத் தெற்கே இழுப்பதால், ஊசியைத் திருப்ப அதனால் முடிகிறது, இடம்பெயர்க்க முடியவில்லை. காந்தமாக்கிய ஊசியையே ஓர் அங்குலம் நகர்த்த இயலாத விசை, காந்தமே அல்லாத கல்லைக் கீழே இழுத்து வரும் என்று எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தில் ராபர்ட் நார்மன் என்ற திசைகாட்டி செய்பவர் 1581இலேயே இதைச் செய்து காட்டினார். அவர் இன்னொன்றையும் செய்தார்: எஃகுத் துண்டை நுண்தராசில் நிறுத்து, காந்தமாக்கி, மீண்டும் நிறுத்தார். எடை மாறவில்லை. உங்கள் மாணவனுக்கு நான் பரிந்துரைக்கும் முதன்மையான சோதனை இதுதான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் பட்டறை எதிலும் 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு இருக்கும்; கேட்டால் மறுக்கமாட்டார்கள். ஊசியைத் தராசின் தட்டில் நேராக வைக்காமல், கவிழ்த்துவைத்த தெர்மாக்கோல் தம்ளரின் மேல் வையுங்கள். தட்டுக்கு அடியில் இரும்பு இருந்தால் காந்தமான ஊசி அதை இழுத்துப் பொய்க்கணக்குக் காட்டிவிடும்.

இனி அவனுடைய இரண்டாவது கேள்வி. சீப்பு எதை வேண்டுமானாலும் இழுக்கும் என்று அவன் கவனித்தது மிகவும் சரி. ஆனால் இழுப்பதை மட்டும் வைத்து எந்த விசை என்று முடிவு செய்ய இயலாது. தள்ளுவதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். காந்தத்தின் ஒத்த முனைகள் ஒன்றையொன்று தள்ளும். ஒத்த மின்னூட்டங்களும் தள்ளும். ஈர்ப்பு விசை தள்ளியதாக இதுவரை எவரும் கண்டதில்லை.

மின்னூட்டம் தள்ளுவதைக் காட்டச் செல்லோ டேப் போதும். மேசையின் மேல் ஒரு பட்டையை அடித்தளமாக ஒட்டிவிட்டு, அதன் மேல் ஒரு சாண் நீளமுள்ள இரண்டு பட்டைகளை அருகருகே ஒட்டி, விருட்டென்று உரித்து, இரண்டையும் தொங்கவிட்டபடி அருகில் கொண்டுவந்தால் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி வளையும். அடுத்து, இரண்டு பட்டைகளை ஒன்றின் முதுகில் மற்றொன்றாக ஒட்டி, விரலால் ஒருமுறை நீவிவிட்டுப் பிரித்தால், அவை பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். முதல் சோதனையில் இரண்டு பட்டைகளும் ஒரேவிதமாக உரிக்கப்பட்டதால் ஒரே வகை மின்னூட்டம் பெற்றன. இரண்டாவதில் ஒன்று இழந்த எலக்ட்ரான்களை மற்றொன்று எடுத்துக்கொண்டது. மின்னூட்டம் இருவகைப்படும் என்று 1733இல் பிரான்சில் டுஃபே கண்டறிந்ததை, மேசையைச் சுற்றி நிற்கும் நாற்பது பிள்ளைகளும் பத்து நிமிடத்தில் கண்டுவிடலாம்.

"பூமிக்கும் மின்னூட்டம் இருக்கலாமே" என்று அவன் அடுத்துக் கேட்டால் மறுத்துவிடாதீர்கள், ஏனெனில் இருக்கிறது. பூமியின் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் கொண்டது. வானம் தெளிவாக உள்ள நாளில் தரைக்கு அருகில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 வோல்ட் அளவுக்கு மின்புலம் நிலவுகிறது. தலைமுடியில் தேய்த்த பிளாஸ்டிக் சீப்பும் எதிர் மின்னூட்டமே பெறுகிறது. அப்படியானால் பொருள்கள் விழுவதற்கு மின்னூட்டம் காரணமாக இருந்தால், தேய்த்த சீப்பு மேலே அல்லவா போக வேண்டும்? அது விழுகிறது, தேய்க்காத சீப்பு விழும் அதே வேகத்தில் விழுகிறது. அந்த மின்புலம் சீப்பின்மேல் செலுத்தும் விசை, சீப்பின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

விசையை மறைக்க முடியுமா என்று பார்ப்பது மற்றொரு வழி. மின்னூட்டிய குழாய்க்கும் காகிதத் துணுக்குகளுக்கும் இடையில், கையில் பிடித்த உலோகச் சல்லடையை நீட்டினால் துள்ளல் நின்றுவிடும். காந்தத்துக்கும் குண்டூசிக்கும் இடையில் அட்டையையோ அலுமினியத் தட்டையோ வைத்தால் ஒன்றும் ஆகாது. கனமான இரும்புத் தோசைக்கல்லை வைத்தால் இழுப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். ஈர்ப்பு விசைக்கு எதை மறைப்பாக வைப்பது? ஒரு நெல்லிக்காயைச் சல்லடையின் மேல் வைத்தாலும் தோசைக்கல்லின் மேல் வைத்தாலும் அதன் எடை அதுவேதான்.


மறுமொழி 2
எழுதியவர்: விசைத்தறிக்காரர், இளம்பிள்ளைப் பக்கம்

நான் ஆசிரியர் அல்லன். பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் தறியில் இறங்கியவன். இருப்பினும் சீப்பு இழுக்காத சிக்கலில் எனக்குச் சொல்வதற்கு ஒன்று உண்டு, ஏனெனில் டீச்சர் வரவழைக்க முடியாமல் தவிக்கும் அதே பொருளை விரட்ட முடியாமல் தவிப்பது எங்கள் தொழில்.

மாசி, பங்குனி மாதங்களில் காற்று காய்ந்துவிட்டால், பாலியஸ்டர் பாவு நூல்கள் உராய்ந்து உராய்ந்து மின்னூட்டம் ஏறி, ஒன்றோடொன்று சேராமல் விறைத்துக்கொண்டு நிற்கும். பறக்கும் பஞ்சுத்தூசி எல்லாம் துணியில் வந்து அப்பிக்கொள்ளும். தறியின் இரும்பைத் தொட்டால் சுரீரென்று அடிக்கும். தரையில் தண்ணீர் தெளிப்பது, ஈரச் சாக்கைத் தொங்கவிடுவது போன்றவற்றால் சமாளிக்கிறோம். பெரிய ஆலைகளில் காற்றை ஈரப்படுத்துவதற்கென்றே இயந்திரம் வைத்திருக்கிறார்கள். காற்றில் ஈரம் ஏறினால் பொருள்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்து, ஏறிய மின்னூட்டம் அதன் வழியாகக் கசிந்து போய்விடுகிறது என்று எங்களுக்கு விளக்கியவர், தறிக்கு வரும் ஒரு பொறியாளர். நாங்கள் காசு செலவழித்து உண்டாக்கும் ஈரத்தை ஏற்காட்டுப் பனிமூட்டம் உங்கள் வகுப்பறைக்கு இலவசமாகக் கொண்டுவந்து கொடுக்கிறது.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்கிறேன். காலையில் தேங்காய் எண்ணெய் தடவிப் படிய வாரிவிட்ட தலையில் சீப்பைத் தேய்த்தால் எந்த ஊரிலும் ஒன்றும் வராது. சீப்பை விட்டுவிட்டு, வயரிங் வேலைக்குப் பயன்படும் பிவிசி குழாயில் ஒரு முழம் வாங்குங்கள்; மலையில் பிள்ளைகள் அணிந்து வரும் கம்பளி ஸ்வெட்டரே தேய்ப்பதற்குச் சிறந்த துணி. குழாய், ஸ்வெட்டர், காகிதத் துணுக்குகள் மூன்றையும் சத்துணவுக் கூடத்து அடுப்புக்குச் சற்றுத் தள்ளிப் பத்து நிமிடம் வைத்துச் சூடேற்றிய பிறகு அங்கேயே செய்து பாருங்கள். எங்கள் வீட்டில் என் பேரன் மழை நாளிலும் இப்படிச் செய்து காட்டியிருக்கிறான். தை மாத இரவில் வானம் தெளிந்திருந்தால், விளக்கை அணைத்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லுங்கள். சடசடவென்ற ஒலியோடு சிறு பொறிகளும் தெரியும்.


மறுமொழி 3
எழுதியவர்: பொறியியல் மாணவன், சூரமங்கலம்

வாத்தியார் ஐயாவின் விளக்கம் சிறப்பாக உள்ளது. ஆனால் ஓர் ஐயம். மின்சாரமும் காந்தமும் ஒரே விசையின் இரு முகங்கள் என்று கல்லூரியில் எங்களுக்குக் கற்பிக்கிறார்கள். மின்னோட்டம் செல்லும் கம்பி காந்த ஊசியைத் திருப்புகிறது என்று 1820இல் ஆர்ஸ்டெட் காட்டிய பிறகு, இவற்றை மூன்று தனித்தனி விசைகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்வது பிற்காலத்தில் அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு பாடமாகிவிடாதா? இரண்டு என்றே தொடங்கினால் என்ன?


மறுமொழி 4
எழுதியவர்: அஸ்தம்பட்டி வாத்தியார் (ஓய்வு), சேலம்

தம்பி சொல்வது சரி. அவ்விரண்டுக்கும் ஆழமான உறவு உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஆர்ஸ்டெட் ஊசியைத் திருப்பியது ஓடும் மின்னூட்டத்தைக் கொண்டு. நிலையாக இருக்கும் மின்னூட்டத்துக்கு வடமுனை எது, தென்முனை எது என்ற பேதம் தெரியாது. இதையும் செய்து பார்க்கலாம்: தேய்த்த குழாயை மிதக்கும் ஊசியின் அருகில் கொண்டுசென்றால் ஊசி அதை நோக்கி வரும். அங்கேயே நிறுத்திவிட்டால், குழாயும் ஒரு காந்தம் என்று பிள்ளைகள் எழுதிவைத்துவிடுவார்கள். ஊசியின் மறுமுனையிடமும் அதே குழாயை நீட்டுங்கள், அதுவும் இழுபடும். குழாய் காந்தமாக இருந்தால் இரண்டில் ஒரு முனையைத் தள்ளியிருக்க வேண்டும். காந்தமாக்காத ஊசியும், ஏன், ஒரு துண்டு ஈர்க்குச்சியும்கூட அதே வகையில்தான் இழுபடும்.

வேறுபாடு இன்னொன்றும் உண்டு. காந்தமாக்கிய பழைய பிளேடை இரண்டாக உடைத்தால் ஒவ்வொரு துண்டிலும் வடமுனை, தென்முனை இரண்டும் இருக்கும். எத்தனை துண்டாக்கினாலும் தனி முனை ஒன்று கிடைக்காது. (பிளேடை ஆசிரியர் மட்டும், துணியில் சுற்றி உடைக்க வேண்டும்.) மின்னூட்டமோ, செல்லோ டேப்பில் பார்த்ததைப் போல, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிரிந்து போய்விடுகிறது. எட்டாம் வகுப்பு வரையில் மூன்றாகவே தொடங்குவோம். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனுக்குத்தான் பின்னால் சேர்த்துக் காட்டும்போது வியப்பு உண்டாகும்.


மறுமொழி 5
எழுதியவர்: கஞ்சமலை அடிவாரத்தான்

சுரங்கத் துறையில் சில காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், காந்தப் பகுதிக்கு மட்டும் நான் சிறிது சேர்க்கிறேன். சேலத்துப் பிள்ளைகளுக்குக் காந்தம் பற்றிக் கற்பிப்பவர்கள் கஞ்சமலையைச் சொல்லாமல் விடுவது, மேட்டூரில் நின்றுகொண்டு காவிரியைப் படத்தில் காட்டுவதைப் போன்றது.

கஞ்சமலையின் இரும்புத் தாது மேக்னடைட் வகையைச் சேர்ந்தது. காந்தத்தால் இழுக்கப்படும் கனிமங்களில் முதன்மையானது அதுதான். 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நிறுவிய இரும்பாலைக்குச் சேலம் மாவட்டத்துத் தாது சென்றது. மலையடிவார ஓடைகளில் மழை வடிந்த பிறகு மணலின் மேல் கறுப்பு வரிகளாகப் படிந்திருப்பது பெரும்பாலும் இந்தத் தாதுவின் துகள்களே. ஒரு கைப்பிடி மணலைக் காயவைத்து, காந்தத்தைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மணலில் துழாவினால், கறுப்புத் துகள்கள் முள்முள்ளாக எழுந்து ஒட்டிக்கொள்ளும். பையிலிருந்து காந்தத்தை எடுத்தவுடன் அவை உதிர்ந்துவிடும். பை போடாமல் செய்தீர்களானால் அந்தத் துகள்களைக் காந்தத்திலிருந்து நீக்குவதற்கு அடுத்த பாடவேளையும் போய்விடும். கடையில் வாங்கும் இரும்புத்தூளுக்குப் பதிலாக இதையே அட்டையின் மேல் தூவிக் காந்தப்புலத்தின் கோடுகளைக் காட்டலாம்.

ஏற்காட்டின் செம்மண்ணிலும் இதைச் செய்து ஒப்பிட வேண்டும். மண்ணின் சிவப்புக்கும் இரும்பே காரணம் என்றாலும், ஆக்சிஜனோடு அது சேர்ந்திருக்கும் வகை வேறு என்பதால், பெரும்பகுதி காந்தத்துக்கு அசைந்து கொடுக்காது. இடையில் கலந்த சில கறுப்புத் துகள்கள் மட்டும் ஒட்டும். இரும்பு இருந்தால் காந்தம் இழுக்கும் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பதை இது நன்றாகக் குலுக்கிவிடும்.

அதைவிடவும் குலுக்குவது நம் வீட்டு எவர்சில்வர். கஞ்சமலை அடிவாரத்தில் உள்ள சேலம் உருக்காலை அந்த மலையின் தாதுவை உருக்குவதில்லை; அது எவர்சில்வர் தகடு செய்யும் ஆலை. வாத்தியார் ஐயா எவர்சில்வர் பாத்திரம் வேண்டாம் என்றார். முன்னெச்சரிக்கையாக அது சரியே, ஆனால் எல்லா எவர்சில்வரும் காந்தத்தில் ஒட்டுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். குரோமியம் 18, நிக்கல் 8 விழுக்காடு கலந்த வகையில் மீதி ஏறத்தாழ முழுவதும் இரும்புதான். ஆயினும் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை மாறிவிடுவதால் காந்தம் அதைக் கண்டுகொள்வதில்லை. நிக்கல் இல்லாத, குரோமியம் மட்டும் கலந்த வகையில் காந்தம் நன்றாக ஒட்டும். ஒட்டாத தம்ளரிலும் விளிம்பை மடித்த இடத்தில் இலேசாக ஒட்டுவதைக் காணலாம். அடித்து வளைத்தபோது அங்கே அணுக்களின் அடுக்கு சிறிது மாறியிருக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து சோதித்துப் பட்டியல் இடட்டும். கையில் இருக்கும் நாணயங்களையும் சோதிக்கட்டும்: எவர்சில்வரால் ஆன ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஒட்டும், பத்து ரூபாய் ஒட்டாது. வெள்ளிக் கொலுசும் ஒட்டாது. ஒட்டினால் அதை வாங்கிய கடைக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருக்கும்.


மறுமொழி 6
எழுதியவர்: மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு

எல்லோருக்கும் என் நன்றி. அடுப்பருகே குழாயைச் சூடேற்றிச் செய்த சோதனை முதல் முயற்சியிலேயே பலித்தது. காகிதத் துணுக்குகள் துள்ளி வந்து ஒட்டியதோடு, சில நொடிகளில் மீண்டும் விலகித் தெறித்தும் விழுந்தன. இது எதனால் என்று ஒரு பெண் கேட்டாள். ஒட்டிய துணுக்கு குழாயின் மின்னூட்டத்தில் ஒரு பகுதியைப் பெற்றுக்கொள்வதால், ஒத்த மின்னூட்டங்கள் தள்ளும் என்ற விதிப்படி விலகுகிறது என்று சொன்னேன், சரிதானா? செல்லோ டேப் சோதனை பனிமூட்டத்திலும் பழுதில்லாமல் நடந்தது. ஊசி மிதக்கும் தொட்டியைச் சுற்றி நின்றுகொண்டு, அது வடக்குக் கரைக்குப் போகும் என்று பந்தயம் கட்டியவர்கள் தோற்றார்கள்.

மிளகுக் கேள்வி மட்டும் நிலுவையில் இருக்கிறது. சனிக்கிழமை நான்கு பிள்ளைகளுடன் செவ்வாய்ப்பேட்டைக்குச் செல்லவும் ஏற்பாடு செய்திருக்கிறேன்.


மறுமொழி 7
எழுதியவர்: அஸ்தம்பட்டி வாத்தியார் (ஓய்வு), சேலம்

துணுக்குகள் விலகுவதற்கு நீங்கள் சொன்ன காரணம் மிகச் சரி. பந்தயம் கட்டியவர்களிடமிருந்து எதை வசூலித்தீர்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.

மிளகுக்கு வருவோம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 278 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,515 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடைவெளி 1,240 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பூமியின் மையத்திலிருந்து நாம் 6,371 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறோம் என்பதால், இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறியும் அந்தத் தொலைவில் கூடுவது ஐயாயிரத்தில் ஒரு பங்கே. தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் ஈர்ப்பு குறைவதால், ஒரு கிலோ எடையில் 0.39 கிராம் குறைய வேண்டும். ஆனால் காலுக்குக் கீழே உள்ள மலையும் தன் பங்குக்கு இழுப்பதால், அந்தக் குறைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈடாகிவிடும். ஆக, கிலோவுக்குக் கால் கிராம் அளவில் குறையும் என்று கொள்ளலாம்.

பணம் குறையுமா என்பது தராசைப் பொறுத்தது. இரண்டு தட்டுகள் கொண்ட தராசில், ஒரு தட்டில் உள்ள மிளகின் எடை எந்த அளவுக்குக் குறைகிறதோ அதே அளவுக்கு மறுதட்டில் உள்ள படிக்கல்லின் எடையும் குறைவதால், முள் நடுவிலேயே நிற்கும்; நிலாவுக்கே கொண்டுபோய் நிறுத்தாலும், அங்கே எடை ஆறில் ஒன்றாகக் குறைந்தபோதிலும், கணக்கு மாறாது. சுருள்வில் தராசும் மின்னணுத் தராசும் அப்படிப்பட்டவை அல்ல. அவை அழுத்தத்தை அளந்து கிலோவாகச் சொல்கின்றன. சேலத்தில் சரிபார்த்த மின்னணுத் தராசை ஏற்காட்டுக்குக் கொண்டுவந்து, மறுபடி சரிபார்க்காமல் 50 கிலோ மூட்டையை நிறுத்தால், 12 கிராம் போலக் குறைத்துக் காட்டும். அதே தராசை ஏற்காட்டிலேயே முத்திரைப் படிக்கல்லை வைத்துச் சரிபார்த்துவிட்டால் அந்தக் குறையும் இல்லை. மூட்டையைக் கட்டும் சணல் கயிற்றின் கணக்கில் இதைவிடக் கூடுதலாகப் போகும் என்று அந்தப் பெண்ணின் தந்தைக்கே தெரிந்திருக்கும்.

இன்னும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. பூமி மட்டும்தான் இழுக்கிறது என்று பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். தலா 40 கிலோ எடையுள்ள இரண்டு மாணவர்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்திருந்தால் அவர்களும் ஒருவரையொருவர் ஈர்க்கிறார்கள்; அந்த விசை ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கின் எடைக்குச் சமம். இத்தகைய சிறு இழுப்பை ஈயக் குண்டுகளைக் கொண்டு கேவண்டிஷ் 1798இல் அளந்துவிட்டார். ஈர்ப்பு விசை அவ்வளவு வலுவற்றது; முழுப் பூமியும் சேர்ந்து கீழே பிடித்து வைத்திருக்கும் காகிதத் துணுக்கை, ஸ்வெட்டரில் தேய்த்த ஒரு முழக் குழாய் மேலே தூக்கிவிடுகிறது என்பதை அந்த அடுப்பங்கரையில் நீங்களே பார்த்தீர்கள்.


மறுமொழி 8
எழுதியவர்: மலைப்பள்ளி ஆசிரியை, ஏற்காடு

சனிக்கிழமை போய்வந்தோம். பட்டறை உரிமையாளர் பிள்ளைகளுக்கு முதலில் காட்டியது, அரம் போட்ட வெள்ளித் தூளில் கலந்துவிட்ட இரும்புத் துகள்களை ஒரு காந்தத்தால் பிரித்தெடுப்பதை. கஞ்சமலை மணலில் செய்ததையே இவரும் செய்கிறார் என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிட்டார்கள். பிறகு ஊசியைத் தெர்மாக்கோல் தம்ளரின் மேல் வைத்து நிறுத்தோம். காந்தமாக்கி மீண்டும் நிறுத்தோம். கடைசி இலக்கம்கூட மாறவில்லை. கேள்வி கேட்ட மாணவன் தானே மூன்று முறை நிறுத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டான்.

அதன்பின் அவனாகவே சீப்பை ஸ்வெட்டரில் தேய்த்துத் தராசில் வைத்தான். எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. "மின்னூட்டம் ஏறினால் எடை மாறுகிறது டீச்சர்" என்று அவன் சொன்னபோது, என்னால் மறுக்க இயலவில்லை. கோடையில் பிளாஸ்டிக் உறையோடு நிறுத்தால் இப்படி ஆவதுண்டு என்று மட்டும் உரிமையாளர் சொன்னார்.


மறுமொழி 9
எழுதியவர்: அஸ்தம்பட்டி வாத்தியார் (ஓய்வு), சேலம்

அவர் சொன்னதிலேயே விடை இருக்கிறது. மின்னூட்டிய சீப்பு, தராசின் அசையாத உலோகப் பகுதிகளையும் பக்கத்தில் நின்ற உங்கள் கைகளையும் இழுத்திருக்கும். அந்த இழுப்பும் எடையோடு சேர்ந்து திரையில் தெரிந்திருக்கும். யாராவது கையை நகர்த்தியபோதெல்லாம் எண் மாறியதா என்று மாணவனிடம் கேளுங்கள். பூமியின் ஈர்ப்பு மாறியிருந்தால், கை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அது ஆடாது. மறுமுறை செல்லும்போது தேய்த்த சீப்பை ஒரு மெல்லிய மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவுக்குள் முழுவதும் அடைத்து, டப்பாவை ஒருமுறை கையால் தொட்டுவிட்டுத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். பிறகு சீப்பை ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த பின் அதே டப்பாவில் வைத்து நிறுக்கட்டும். இரண்டு எண்களையும் இங்கே எழுதுங்கள்.